கடல்நீரை வெயிலில் ஆவியாக்க: ஹைட்ரோஜெல்லா, கருக்கிய மரமா, கரித்துணியா?

சென்னைக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலை இருக்கும்போது வெயிலில் கடல்நீரைக் காய்ச்சுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. சென்னையில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சுமார் 5 யூனிட் (கிலோவாட்-மணி) வெயில் விழுகிறது. சாதாரணமாக ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.67 யூனிட் போகும். துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும், ஆவியின் வெப்பத்தைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தாத வரை ஏழரை லிட்டரைத் தாண்டாது. நெம்மேலியின் முதல் ஆலை நாளுக்குத் தரும் 10 கோடி லிட்டருக்கு 13 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு வேண்டும். ஆக, சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் அந்த ஆர்.ஓ. முறையோடு போட்டியே இல்லை. குழாய் எட்டாத மீனவர் குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் குடிநீர் என்றால் மட்டுமே இது பேச்சு.

அதற்கு எந்தப் பொருள்? 2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு காட்டிய ஹைட்ரோஜெல் (நீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலை), ஒரு சூரியன் அளவு, அதாவது உச்சிவெயில் அளவு ஒளியில் சதுர மீட்டருக்கு மணிக்கு 3.2 கிலோ ஆவியாக்கியது. வலையில் தளர்வாகச் சிக்கிய நீர் குறைந்த வெப்பத்திலேயே பிரிகிறது என்பது விளக்கம். அருமையான வேலைதான். ஆனால் குடிக்க வேண்டுமென்றால் மேலே மூடி போட்டு ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். மூடிக்குள் ஈரம் நிறைந்ததும் அந்த வேகம் குறைந்துவிடும்.

அப்புறம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம். 4 லிட்டர் ஆவியானால் 140 கிராம் உப்பு அங்கேயே தங்கும். கருப்புப் பரப்பில் வெள்ளைப் பொருக்கு படியும், ஒளி திருப்பியடிக்கப்படும், துளைகள் அடைபடும். எந்தப் பொருளும் தேறுவதும் தோற்பதும் இங்கேதான். மேற்பரப்பை மட்டும் கருக்கிய மரக்கட்டையில் நீர் ஏறும் குழல்கள் இயற்கையாகவே உண்டு. அகலமான குழல்கள் வழியே இரவில் உப்பு கீழே கரைந்து இறங்கிவிடும். குறை, ஈரத்திலேயே கிடக்கும் மரம் நாளடைவில் உளுத்துப்போகும்.

என் ஓட்டு கரி ஏற்றிய பருத்தித் துணிக்கு. தெர்மாக்கோல் மிதவை மேல் விரித்து, இரு ஓரங்களையும் தண்ணீரில் தொங்கவிட்டால் போதும். உப்பு பூத்தால் உருவி அலசலாம், கிழிந்தால் மாற்றலாம். ஹைட்ரோஜெல்லை அப்படி யார் வீட்டில் செய்ய முடியும்? ஒளியை உறிஞ்சி வெப்பமாக்கும் தங்க நானோத்துகள், அதன் விலைக்கு ஆய்வகத்தோடு நிற்கட்டும்.

கழிவுநீர் வேறு கதை. உப்பும் குரோமியமும் கீழே தங்கிவிடும். பீனால் போன்ற, ஆவியாகக்கூடிய கரிம நச்சுகள் ஆவியோடு சேர்ந்து வந்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த பரப்பு ஒளியில் அவற்றை ஓரளவு சிதைக்கும், ஆனாலும் அந்த நீரைச் சோதிக்காமல் குடிக்கக் கொடுக்கவே கூடாது. பல்லாவரம், குரோம்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் ஆர்.ஓ. கழிவில் நீரை மீட்காமல் வற்றவைத்தாலே போதும் என்ற இடங்களில், மூடியும் தேவையில்லை, கரித்துணியே தாராளம்.