கல்லடி மதுபானசாலையில் மீன் என்ன செய்யும்?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் அந்த மதுபானசாலையின் பெயரை எழுதப்போவதில்லை, குறையும் சொல்லப்போகிறேன். ஆந்தைதான் அலறும் என்று ஒலிமரபு படித்தவன் நான். இங்கே உள்மண்டபத்தில் கிரிக்கெட் வர்ணனை அலறுகிறது. பியரும் சில நாட்களில் சரியாகக் குளிர்ந்திருப்பதில்லை. கேட்டால் ஐஸ் கட்டி கொண்டுவருகிறார்கள். பியரில் ஐஸ் போடுபவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் கணவாய் டெவில்! எண்ணெய் புகையும் சூட்டில் போட்டு, சுருண்டவுடனேயே எடுத்துவிடுகிறார் சமையல்காரர். கறிமிளகாய் பச்சை மாறாமல் நறுக்கென்று கடிபடுகிறது. அடியில் தேங்கும் குழம்பை வழிக்கப் பாண் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

உட்கார வேண்டிய இடம் வெளியே, வாவிக்கரை மேசை. வெட்டிப்பேச்சுக்கு இதைவிட நல்ல இடம் மட்டக்களப்பில் எனக்குத் தெரியாது. போன கிழமை ஒலிமரபு வாய்ப்பாட்டையே ஒப்புவித்துக்கொண்டிருந்தோம். காகம் கரையும், மயில் அகவும், குதிரை கனைக்கும். பல்லி மட்டும் ஏன் 'சொல்லும்'? அதற்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது? யானை பிளிறும் என்றதும் அம்பாறைப் பக்கம் வயல் செய்யும் நண்பன் கண்ணாடிக் குவளையை ஓங்கி வைத்தான். "மச்சான், இரவில் வயலுக்கு வரும் யானை சத்தமே போடாது. யானைவெடியைக் கையில் வைத்துக்கொண்டு பிளிறுவது நாங்கள்தான்."

மீனுக்கு அந்த வாய்ப்பாட்டில் இடமே இல்லை. 'மீன்பாடும் தேன்நாடு' என்று ஊருக்கே பட்டம் சூட்டிவிட்டு, மீனைப் பாடப்புத்தகத்தில் ஊமையாக விட்டிருக்கிறோம். துடுப்பின் ஒரு முனையை வாவியில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பார்கள். அதுவும் பூரணை இரவில்தான் நன்றாகக் கேட்குமாம். பூரணை என்றால் போயா விடுமுறை. போயா என்றால் மதுக்கடை பூட்டு. மீனும் மதுவரித் திணைக்களமும் பேசிவைத்துக்கொண்டு செய்வதாக எங்கள் மேசை ஏகமனதாகத் தீர்மானித்தது.

"நுளம்பு என்ன செய்யும்?" என்று மேசை துடைக்க வந்த தம்பியிடம் கேட்டோம்.

"கடிக்கும் அண்ணன்" என்றார், கையிலிருந்த துணியால் தன் முழங்காலில் ஒன்றை அடித்தபடி.

நுளம்புத்திரி கேட்டால் தருவார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே போனால்தான் வெளிமேசை கிடைக்கும்.