ஹீட்டரில் சூடு வரவில்லை: வளைத்துவிடுவதா, மாற்றுவதா, கழுவுவதா?

மலேசியாவில் கார் ஹீட்டரைப் பற்றிப் பேசினால் மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது தேவையில்லாத பேச்சாகத் தெரியும். இங்கே விற்கும் பல உள்ளூர் கார்களில் ஹீட்டரே கிடையாது. ஏர்கான் குமிழைச் சுற்றி நீலக் கோடு மட்டும்தான் இருக்கும். ஆனால் நாங்கள் இருப்பது ரிங்லெட், கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஊர். முழங்கால் வலி உள்ள அம்மாவை விடியற்காலையில் தானா ராத்தா கிளினிக்குக் கூட்டிப்போகும் நாள்களில் ஹீட்டர் இல்லாத குறை நன்றாகவே தெரியும். ஏர்கானைப் போட்டால் கண்ணாடியின் உள்பக்க மூட்டம் போய்விடும், சரி. ஆனால் அம்மா சால்வைக்குள் நடுங்குவார். குளிர்காற்று பட்டுச் சில்லிட்ட கண்ணாடியில் வெளிப்பக்கமும் மூட்டம் பிடிக்கும். வைப்பரைப் போட்டுக்கொண்டே வளைவுகளில் ஏற வேண்டியிருக்கும்.

என் கார் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய டொயோட்டா விஷ். அதில் ஹீட்டர் உண்டு. போன ஆண்டு ஒரு நாள் குமிழைச் சிவப்பில் வைத்தும் வெளியில் அடிக்கும் அதே குளிர்காற்றுதான் உள்ளே வந்தது. விசாரித்ததில் மூன்று வழி சொன்னார்கள். இன்ஜினின் சுடுதண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை வளைத்து இணைத்து அதை ஓரங்கட்டிவிடுவது ஒன்று, அந்தச் சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோரையே மாற்றுவது இன்னொன்று, கோரைக் கழட்டாமல் தண்ணீர் விட்டுக் கழுவுவது மூன்றாவது. நான் கழுவினேன். இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் கோளாறு எங்கே என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் அளவைப் பாருங்கள். பல கார்களில் ஹீட்டர் கோர் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். எங்கள் உயரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்காமல் பிடித்து வைத்திருப்பது மூடியின் அழுத்தமும், தண்ணீரோடு கலக்கும் கூலண்டும்தான். திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் அது திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டும். நம் நாட்டில் சில வொர்க்‌ஷாப்களில், இன்ஜின் சூடாகக் கூடாது என்று அதைக் கழட்டிப் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும், ஹீட்டரும் சரியாக வேலை செய்யாது. மலையிலிருந்து தாப்பா பக்கம் இறங்கும்போது மீட்டர் முள் கீழே விழுந்தால் தெர்மோஸ்டாட் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். என் காரில் முள் நடுவிலேயே நின்றது.

மூன்றாவது சோதனைக்குக் கையே போதும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு குமிழைச் சிவப்பில் வைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் உள்சுவருக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் கொதித்தால் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது கோளாறு உள்ளே, காற்றைத் திருப்பிவிடும் மடலில். இரண்டும் ஆறிக் கிடந்தால் தண்ணீர் அங்கே வரவே இல்லை. சில கார்களில் அந்த ஹோஸில் ஒரு வால்வு இருக்கும், அது மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு ஒரு ஹோஸைப் பிடிக்கவே முடியவில்லை, மற்றது குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் அளவுக்கு வெதுவெதுப்பு. அப்படி இருந்தால் கோரில் அடைப்பு, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

வளைத்துவிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் அதைத்தான் முதலில் சொன்னார். "தம்பி, இங்க யாரு ஹீட்டர் போடுறா? ஹோஸை வளைச்சு மாட்டிட்டா வேலை முடிஞ்சது. இருபது வெள்ளி (ரிங்கிட்) குடு போதும்." அரை மணி நேர வேலை. கோர் ஒழுகினால் அதுதான் சரியான முதலுதவி என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒழுகாத கோரை ஏன் ஓரங்கட்ட வேண்டும்? இன்னொன்றும் உண்டு. தாப்பாவிலிருந்து ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறும்போது முள் மேலே போனால், ஏர்கானை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடலாம். அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை தாங்கும். வளைத்துவிட்டால் அந்த வசதியும் போய்விடும். ஒருவேளை வளைக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு முனையையும் தனித்தனியாக அடைக்கச் சொல்லாதீர்கள். சில இன்ஜின்களுக்கு அந்தச் சுற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாற்றுவதுதான் முழுமையான வழி என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஈப்போவில் ஒரு கடையில் கேட்டபோது புதுக் கோர் 180 வெள்ளி, கூலி 750 வெள்ளி என்றார்கள். கூலி ஏன் நாலு மடங்கு என்று கேட்டேன். "டேஷ்போர்டை முழுசா இறக்கணும்" என்றார் அங்கே இருந்தவர்.

என் முடிவை மாற்றியது அந்த ஒரு வார்த்தைதான். டேஷ்போர்டு இறக்குவது என்றால் பேட்டரியைக் கழட்டி, ஏர்பேக் இணைப்புகளைப் பிரித்து, ஸ்டியரிங்கை இறக்கி, ரேடியோ, மீட்டர், நடுப்பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். பல கார்களில் ஏர்கானின் கூலிங் காயிலும் ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால் நன்றாக இருக்கும் ஏர்கானின் குளிரூட்டும் வாயுவையும் எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடியும் ஏற்ற வேண்டும். கார் இரண்டு நாள் ஈப்போவில் நிற்கும். இத்தனையும் அந்தச் சின்னக் கோரை எட்டுவதற்குத்தான். இதைவிடப் பெரிய கவலை பிளாஸ்டிக். பல வருஷம் வெயிலில் காய்ந்த கிளிப்புகள் கழட்டும்போது பட்பட்டென்று உடையும். எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஏர்கான் காயில் மாற்றுவதற்காகத் தம் காரின் டேஷ்போர்டை இறக்கினார். வேலை சுத்தமான வேலை, ஏர்கானும் நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடிக்குக் கீழே எங்கோ கிடகிடவென்று ஒரு சத்தம். தாப்பா சாலையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மூன்று தடவை திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியும் அந்தச் சத்தம் போகவில்லை. காரை விற்கக் காட்டியபோது வாங்க வந்தவர் முதலில் கேட்டதே, "இது ஆக்சிடென்ட் காரா?" என்றுதான். அதனால் கோர் ஒழுகாத வரைக்கும் டேஷ்போர்டில் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒழுகுகிறதா என்பதைக் கண்டுபிடிக்கலாம். காருக்குள் தித்திப்பான ஒரு வாசம் வரும், முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய் மாதிரி ஒரு படலம் படியும், முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் ஈரமாகும். என் காரில் இந்த மூன்றும் இல்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கழுவினோம். ஃபோர்மன் அண்ணனே வந்து உதவினார். இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழட்டி, கீழே பேசின் வைத்தோம். கூலண்ட் விஷம், தித்திப்பு வேறு. தரையில் விட்டால் தோட்டத்து நாய்கள் நக்கிவிடும். தண்ணீர் வழக்கமாக வெளியே வரும் பக்கத்திலிருந்து, அதாவது எதிர்த்திசையில், தோட்டத்துப் பைப்பை மாட்டி மெதுவாகத் திறந்தோம். வேகமாக விட்டால் பழைய கோர் பிய்ந்துவிடும். முதலில் ஒன்றும் வரவில்லை, சொட்டுச் சொட்டாக மட்டும். பிறகு திடீரென்று ஒரு கட்டி விடுபட்டு, கெட்டித் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர் கொட்டியது. பேசினின் அடியில் மணல் மாதிரித் துருத்தூள் தங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. முன்பு ஓட்டியவர் கூலண்ட் ஊற்றாமல் வெறும் பைப் தண்ணீரை ஊற்றி வந்திருக்க வேண்டும். திசையை மாற்றி மாற்றி நாற்பது நிமிஷம் விட்ட பிறகுதான் தெளிந்த தண்ணீர் வந்தது.

அப்புறம் கலந்தே விற்கும் கூலண்டை ஊற்றினோம். காற்றை வெளியேற்ற, வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தில் காரை மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, இன்ஜின் ஆறி இருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். குமிழி வருவது நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மூடினோம். இதை விட்டுவிட்டால் கழுவியும் சூடு வராது, ஏமாந்த மாதிரி ஆகிவிடும். இருபது நிமிஷத்தில் இரண்டாவது ஹோஸையும் கையில் பிடிக்க முடியவில்லை. அம்மா உள்ளே உட்கார்ந்து காற்று வரும் வாயில் இரண்டு உள்ளங்கையையும் காட்டிக்கொண்டிருந்தார். கூலண்ட் 45 வெள்ளி, புது கிளிப் 6 வெள்ளி, அண்ணனுக்கு 50 வெள்ளி.

இது நடந்து 14 மாதம் ஆகிறது, இன்னும் சூடு வருகிறது. ஆனால் என் அனுபவம் இந்த ஒரே காரோடுதான். கல்லாக இறுகிப்போன அடைப்புக்கு இந்தத் தண்ணீர் போதாமல் போகலாம். மடலை மோட்டார் திருப்பும் புதுக் கார்களில் நான் கை வைத்ததில்லை. அங்கே இரண்டு ஹோஸும் கொதித்தும் சூடு வராவிட்டால் கழுவிப் பயனில்லை, வயரிங் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். என் காரில் கார்ப்பெட் ஈரமாகும் நாள் வந்தால், அன்றைக்கே அண்ணனிடம் சொல்லி ஹோஸை வளைத்துவிட்டு, அம்மாவுக்கு இன்னொரு சால்வை எடுத்துக்கொள்வேன்.