உப்புக் காற்றுக்கு எந்தக் கிட்டார் கம்பி?

தூத்துக்குடியில் ஜன்னல் கம்பிகூட பெயிண்ட் அடிக்காவிட்டால் தாங்காது. இந்த ஊரில் கிட்டார் கம்பி என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், போதாததற்கு என் கைவியர்வை. மாலையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறுதோறும் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். பூச்சு உள்ள கம்பியா, பூச்சில்லாத கம்பியா என்பது எனக்கு முதலில் வீட்டுச் செலவுக் கணக்கு. ஒலி ரசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இங்கே பேசப்போவது நான்கு செட்டுகளைப் பற்றி. பூச்சில்லாததில் டி'அடாரியோ ஈஜே16. பூச்சுள்ளதில் எலிக்ஸிர் நானோவெப், டி'அடாரியோ எக்ஸ்டி, எக்ஸ்எஸ். நான்குமே பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலக் கலவையால் ஆனவை. நான்கும் 12-53 அளவு. அதாவது முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன், ஆறாம் கம்பி 53 பங்கு. எல்லாவற்றையும் என் யமஹா கிட்டாரிலேயே போட்டு வாசித்தேன். கிட்டாரும் கம்பியின் அளவும் மாறிவிட்டால் ஒலியும் இழுவிசையும் மாறிவிடும். பிறகு பூச்சைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

முதலில் ஈஜே16. டி'அடாரியோ நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த பாஸ்பர் பிரான்ஸ் கம்பி வகை இன்று உலகம் முழுவதும் அக்கூஸ்டிக் கிட்டாரின் பொது ஒலியாகவே ஆகிவிட்டது. புதிதாகப் போட்ட அன்று இதை வெல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. ஜி கார்டு என்ற சுரக்கூட்டை ஒருமுறை மீட்டினால், புதுப் பித்தளைக் குடத்தை விரலால் சுண்டியதுபோல ஒலி தெறிக்கும். மேல்கம்பிகளின் மினுமினுப்பு கோயிலின் கடைசி வரிசைவரை போகும். கம்பி விரலைப் பிடித்துக்கொள்ளும். எங்கே அழுத்துகிறோம் என்று தெளிவாகத் தெரியும்.

எல்லாம் சில நாட்களுக்குத்தான். பிறகு வியர்வையும் தோலின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் அடைந்துகொள்ளும். மூன்றாம் கம்பி முதல் ஆறாம் கம்பி வரை உள்ளே எஃகு நரம்பு, அதைச் சுற்றி வெண்கலச் சுருள். அந்தச் சுருளின் இடைவெளியில் அழுக்கு ஏறினால் கம்பி கனமாகும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஆகாது. மேல் அதிர்வுகள் முதலில் சாகும், ஒலி மந்தமாகும். அடுத்து சுருதியும் நிலைக்காது. சிலர் கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். அழுக்கு கரைந்து ஒலி கொஞ்சம் திரும்பும், உண்மைதான். ஆனால் ஒருமுறை முறுக்கி வளைத்த கம்பியை மறுபடி முறுக்கினால் முறுக்கு விழுந்த இடத்தில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். நான் அந்த வேலைக்குப் போவதில்லை.

எலிக்ஸிர் கம்பியைச் செய்வது டபிள்யூ.எல். கோர் என்ற அமெரிக்க நிறுவனம். மழைக்கோட்டுத் துணியான கோர்டெக்ஸ் இவர்களுடையதுதான். ஒட்டாத தோசைக்கல்லின் மேல்பூச்சு எந்த இனமோ, அதே இனத்துப் பொருளை மெல்லிய படலமாக்கிக் கம்பியின்மேல் போர்த்துகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, சுருள் சுற்றி முடித்த பிறகு முழுக் கம்பியையும் போர்த்துகிறார்கள் என்பது. அழுக்கு இடுக்குக்குள் இறங்கவே வழியில்லை. இவர்களின் பழைய பாலிவெப் வகையில் படலம் தடிமனாக இருந்தது; நானோவெப்பில் மெல்லியது.

போட்ட முதல் நாள் எலிக்ஸிரின் ஒலி ஈஜே16-ஐவிட ஒரு படி தணிந்துதான் இருக்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் தெரியும். பாடகர் குழுவின் நடுவில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த முதல் நாள் ஒலி அப்படியே நிற்கும். ஈஸ்டருக்குப் போட்ட செட், ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடியேறும்போதும் வாசிக்கத் தகுந்ததாக இருந்தது. ஈஜே16 என் கையில் அந்தக் காலத்தில் கால் பங்குகூடத் தாங்குவதில்லை. எலிக்ஸிரின் விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் பேனா தேவையில்லை.

விரல் நகரும்போது எழும் கீச்சொலியும் குறைகிறது. திவ்விய நற்கருணைக்கு முன் மெதுவாக வாசிக்கும் பாடல்களில் கார்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் மைக்கில் கீச்சிடுவது எனக்கு எரிச்சலூட்டும். எலிக்ஸிர் அதைப் பாதிக்குமேல் அடக்கிவிடுகிறது. மாறாக, வழுக்கும் உணர்வு எல்லோருக்கும் பிடிப்பதில்லை. எங்கள் குழுவில் லீட் வாசிக்கும் தம்பி என் கிட்டாரை வாங்கி ஒரு பாட்டு வாசித்துவிட்டு, "என்ன அண்ணே, கம்பியில் எண்ணெய் தடவியிருக்கிறீர்களா?" என்று கேட்டான். அவனுக்குக் கையே வியர்க்காது. அவனுக்குப் பூச்சு எதற்கு? ஈஜே16 அவனிடம் என்னிடத்தைவிடப் பல மடங்கு நாள் உயிரோடு இருக்கிறது.

எக்ஸ்டி வேறு வழியில் போகிறது. டி'அடாரியோவின் பழைய பூச்சு வரிசையான இஎக்ஸ்பி-க்குப் பதிலாக வந்தது இது. போர்த்தும் படலமென்று தனியாகத் தெரிவதில்லை. தொட்டால் பூச்சில்லாத கம்பி போலவே இருக்கிறது. ஒலியும் ஈஜே16-க்கு மிக அருகில். ஆயுள் இரண்டுக்கும் நடுவில். கை அதிகம் வியர்க்காதவர்கள், வழுக்கல் பிடிக்காதவர்கள் எக்ஸ்டி வாங்கலாம். என் கைக்கு அது போதவில்லை. எக்ஸ்எஸ்-ல் படலம் உண்டு. ஆயுளில் எலிக்ஸிருக்கு நிகராக நின்றது. ஒலி என் காதுக்கு எலிக்ஸிரைவிட ஒரு பொட்டு கூர்மை. வழுக்கல் எலிக்ஸிரைப் போலவே, அல்லது கொஞ்சம் கூடுதலாகவே. இரண்டில் எது என்றால், கடையில் அன்றைக்கு எது மலிவோ அதுவே என்பேன்.

பூச்சுக் கம்பி விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, ஒரு செட்டில் ஆறு கம்பி என்றாலும் சுருள் உள்ளவை நான்குதான். முதல் இரண்டும் வெறும் எஃகு. எலிக்ஸிரில் அந்த இரண்டுக்கும் துருத் தடுப்பு முலாம் மட்டும், படலம் கிடையாது. டி'அடாரியோவின் பூச்சு வரிசைகளில் அவற்றுக்கும் ஏதோ பதம் செய்கிறார்கள். துரு தாமதமாகும், சரி. ஆனால் அறுந்துபோகும் கம்பி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான், அதை எந்தப் பூச்சும் தடுப்பதில்லை. இரட்டை விலை கொடுத்த செட்டில் முதல் கம்பி மட்டும் அறுந்து தொங்கும்போது வயிறு எரியும்.

இரண்டாவது இதைவிட முக்கியம். பூச்சில்லாத கம்பி கிழடு தட்டினால் கறுத்து, சொரசொரத்துத் தன் வயதைக் காட்டிவிடும். பூச்சுள்ள கம்பி பளபளவென்றே இருக்கும். ஒலியும் பெரிதாகக் குறையாது. ஆனால் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் மீண்டும் மீண்டும் அழுந்தும் இடங்களில் கம்பியின் அடிப்பக்கம் தட்டையாகிக்கொண்டே போகும். ஒருநாள் திறந்த கம்பிகள் சுருதியில் இருக்கும், மேலே போகப்போகக் கார்டுகள் மட்டும் கசக்கும். கிட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டபடி மீட்டி, ஹார்மோனிக் என்ற மணி போன்ற ஒலியை எழுப்புங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி வாசியுங்கள். கம்பி புதிதாக இருந்தபோது ஒத்துப்போன இரண்டும் இப்போது ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு பளபளத்தாலும் கம்பியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தாலும் பள்ளம் தட்டுப்படும்.

பிக் வைத்து ஓங்கி அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் போகும்போது மைக் இருக்காது. தெருவில் டிரம் சத்தத்தோடு போட்டி போட்டு அடிக்க வேண்டும். அந்த அடியில் படலம் கிட்டாரின் ஒலித்துளையான சவுண்ட் ஹோலுக்கு மேலே உரிந்து, வெள்ளை நூல் பிசிறு போலத் தொங்கத் தொடங்கும். ஒலிக்கு உடனே பாதிப்பில்லை. பார்க்க அசிங்கம், கைக்கு உறுத்தல். உரிந்த இடத்தில் அழுக்கும் ஏறும். எனவே கேரல் நாட்களுக்கு நான் ஈஜே16-க்கு மாறிவிடுகிறேன். பனியில் நனைந்து எப்படியும் சாகப்போகிற கம்பிக்கு எதற்கு இரட்டை விலை?

பாஸ்பர் பிரான்ஸ் அல்லாமல் 80/20 கம்பி விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். அதில் செம்பு 80 பங்கு, துத்தநாகம் 20 பங்கு. ஒலி இன்னும் பளீரென்று இருக்கும், இன்னும் சீக்கிரம் மங்கும். எங்கள் கடற்கரைக் காற்றில் பூச்சில்லாத 80/20 போடுவது காசைக் கடலில் போடுவதுதான். அந்த ஒலிதான் வேண்டும் என்றால் பூச்சோடு வாங்குங்கள். பூச்சின் பலன் அதில்தான் முழுமையாகத் தெரியும்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் பூச்சில்லாததையே போடச் சொல்கிறேன். "விலை கூடினாலும் பரவாயில்லை சார், நல்ல கம்பியாகப் போட்டுவிடுங்கள்" என்று பெற்றோர் சொல்வார்கள். ஆரம்பத்தில் பிள்ளை செய்யும் முதல் காரியம், சுருதி சேர்க்கிறேன் என்று தப்பான கட்டையைத் திருகி முதல் கம்பியை அறுப்பதுதான். அறுக்கட்டும், மலிவானதை அறுக்கட்டும். கம்பி மாற்றவும் அப்போதுதான் பழகும். டி'அடாரியோ கம்பிகளின் முனைக் குண்டுகளில் நிறம் உண்டு: வெள்ளி முதல் கம்பி, ஊதா இரண்டு, பச்சை மூன்று, கறுப்பு நான்கு, சிவப்பு ஐந்து, பித்தளை நிறம் ஆறு. பத்து வயதுப் பிள்ளையும் நிறம் பார்த்துச் சரியாகப் போட்டுவிடும். மேலும், மங்கிய கம்பிக்கும் புதுக் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே பூச்சுக் கம்பியில் வாசிப்பவனுக்கு அது கிடைப்பதில்லை.

எதை வாங்கினாலும் எங்கே வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். பெயர்பெற்ற கம்பிகள் எல்லாவற்றுக்கும் போலி இருக்கிறது. இணையத்தில் பாதி விலைக்கு வந்த ஒரு செட்டை நம்பி வாங்கினேன். உறையைப் பிரித்தபோதே வெறும் எஃகுக் கம்பிகளில் துருப்புள்ளி. அட்டையில் அச்சு மங்கல், குண்டுகளின் நிறம் திட்டுத்திட்டாக. விற்றவர் பணத்தையும் திருப்பவில்லை. டி'அடாரியோ உறைக்குள் ஓர் எண் இருக்கும். அதை அவர்கள் தளத்தில் பதிந்தால் அசலா என்று தெரிந்துவிடும். சென்னைக்குப் போகும்போது அண்ணா சாலையில் மியூஸி மியூசிக்கலில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். 1842-லிருந்து இருக்கும் கடை. போலியைப் பற்றிய கவலை இல்லாமல் தூங்கலாம்.

இப்போது என் கிட்டாரில் இருப்பது எலிக்ஸிர். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன், சுவரில் மாட்டுவதில்லை. முதல் கம்பிக்காக முழுச் செட்டையும் பிரிக்காமல் இருக்க, தனியாகக் கிடைக்கும் டி'அடாரியோ பிஎல்012 என்ற 12 அளவு எஃகுக் கம்பியில் நான்கைந்து வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். அதன் விலை அற்பம். பூச்சுக் கம்பி வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எலிக்ஸிரின் மற்ற ஐந்து கம்பிகளோடு அது ஒலிப்பதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.