எடையைக் கூட்டும் டெஸ்டுக்கு மாக்கா, நிஜ ஆப்ஜெக்டா?

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுக்கும் கொழுந்தைப் பதிய பைத்தானில் ஒரு மென்பொருள் எழுதினேன். எடைக்கென்று ஒரு கிளாஸ். உள்ளே இருப்பது கிராம் கணக்கில் முழு எண். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் எல்லாம் ஆபரேட்டர் ஓவர்லோடிங்: +, -, > போன்ற குறிகள் என்ன செய்ய வேண்டும் என்று கிளாஸுக்குள்ளேயே எழுதிவைப்பது. யூனிட் டெஸ்டில் (நிரலின் சிறு துண்டைத் தனியாகச் சோதிப்பது) இந்த எடையை முதலில் மாக் செய்தேன், அதாவது நிஜத்துக்குப் பதில் போலி ஆப்ஜெக்ட் வைத்தேன், பிறகு நிஜ எடையையே கொடுத்தேன். இப்போது நான் நிஜத்தின் பக்கம்.

தராசுக்கு மாக்தான் சரி. சீரியல் வயரில் பேசும் தராசை ஒவ்வொரு டெஸ்டுக்கும் மேசையில் வைத்திருக்க முடியாது.

எடை அப்படியல்ல. பைத்தானின் வெறும் மாக்கைக் கூட்டினால் டைப்எரர் (இந்த வகையில் இதைச் செய்ய முடியாது என்ற பிழை). இந்தக் குறிகளையும் ஏற்கும் மாக்கான மேஜிக்மாக்கைக் கூட்டினால் இன்னொரு மேஜிக்மாக் வரும். 18 கிலோவைவிடப் பெரியதா என்று கேட்டால் அதுவும் டைப்எரர்தான். ஆக, ஒவ்வொரு குறிக்கும் விடையை நாமே எழுதிவைக்க வேண்டும். தனியாகச் சரிபார்க்கச் சொல்லாவிட்டால், எதைக் கழித்தோம் என்று அது கவனிக்காது. எனக்கு நடந்தது அதுதான். சாக்கு எடையைக் கழிக்க வேண்டிய இடத்தில் கைதவறி முந்தைய நிறுவையைக் கழித்திருந்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். வெள்ளோட்டத்தன்று ஓர் அக்காவின் மதியக் கொழுந்து 7.6 கிலோ, சாக்குக்கு அரைக் கிலோ போனால் 7.1. திரையில் விழுந்ததோ 0.7. கணக்கப்பிள்ளையின் கொப்பி பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். அது ஒருவரின் நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஒரு நாளின் மூன்று நிறுவையையும் + போட்டுக் கூட்டியிருந்த வரியை ஒருநாள் += ஆக மாற்றினேன். நிஜ கிளாஸில் += குறிக்கான __ஐஆட்__ இல்லையென்றால் பைத்தான் தானாக + குறிக்கான __ஆட்__ பக்கம் போகும், விடை மாறாது. மேஜிக்மாக்கிலோ __ஐஆட்__ ஏற்கெனவே இருப்பதால், நான் __ஆட்__டுக்கு எழுதிய விடை அப்படியே கிடந்தது. கணக்கில் பிழையில்லை, ஆனாலும் டெஸ்ட் வரிசையாகச் சிவப்பு. அரைநாள் அதிலேயே போனது.

அப்புறம் பட்டியலை மொத்தமாகக் கூட்டும் சம் ஃபங்ஷனுக்கு மாறினேன். அப்போது நிஜ எடையும் உடைந்தது: சம் 0-விலிருந்து தொடங்குவதால், எடை + குறியின் வலப்பக்கம் வரும்போது கூட்டும் __ஆர்ஆட்__ வேண்டும். ஆனால் இது உண்மையான குறை; டெஸ்டில் சிக்காவிட்டால் மடுவத்தில் சிக்கியிருக்கும்.

இதெல்லாம் எடை, காசு போன்ற சின்ன கிளாஸ்களை வைத்துச் சொல்வது. உருவாக்கவே நேரமெடுக்கும் கனமான ஆப்ஜெக்டுகளோடு நான் அதிகம் புழங்கியதில்லை. அங்கே மாக் லாபமாக இருக்கலாம்.