பெல்ட் சத்தத்தின் மூலத்தைக் காட்டும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்

மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சில் வைக்கும் வட்டப் பகுதிக்குப் பதிலாக ஓர் எஃகுக் கம்பி இருந்தால், அதுவே மெக்கானிக் ஸ்டெதஸ்கோப். விலை சில நூறு ரூபாய்தான். ஆற்றுப் படுகையிலும் சேற்றிலும் ஓடும் என் டீசல் ஜீப்பில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று தொடங்கி, எஞ்சின் சூடேறிய பின் உறுமலாக மாறிய சத்தத்தின் காரணத்தை அறிவதற்காக இதை வாங்கினேன். அந்த ஒரு வேலைக்கு இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை என்பது என் முடிவு.

பானெட்டைத் திறந்து வெறும் காதால் கேட்டால் இத்தகைய சத்தம் எங்கிருந்து வருகிறதென்று சொல்வது கடினம். எஞ்சின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியிலிருந்து புறப்படும் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்பு, ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றைச் சுழற்றுகிறது. இடையே அதன் பாதையைத் திருப்ப ஐட்லர் புல்லியும், அது தளராமல் பிடித்துக்கொள்ள டென்ஷனரும் உள்ளன. இவை எல்லாம் எஞ்சினின் முகப்பில் நெருங்கி அமைந்திருப்பதால் ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் வழியாகவும் கேட்கும். அதனால்தான் பல பட்டறைகளில் முதலில் பெல்ட்டை மாற்றிப் பார்க்கிறார்கள். எனக்கும் ஓரிடத்தில் அப்படித்தான் செய்தார்கள். பெல்ட் புதிதானது, சத்தம் அப்படியே இருந்தது.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பள்ளமுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சற்று அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். கூடினால் டென்ஷன் போதாமல் பெல்ட் வழுக்குகிறது. தண்ணீர் எந்த மாற்றத்தையும் செய்யாவிட்டால், புல்லிகளைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குகளையே சந்தேகிக்க வேண்டும். என் வண்டியில் மாற்றமே இல்லை.

ஸ்டெதஸ்கோப்பின் அருமை இங்கேதான் தெரிந்தது. ஆல்டர்னேட்டர் உடலின் முன்பக்கத்தில் கம்பியை வைத்தபோது சீரான ரீங்காரமும், பவர் ஸ்டீயரிங் பம்பில் எண்ணெய் ஓடும் மெல்லிய இரைச்சலும் கேட்டன. ஐட்லர் புல்லியின் நடு போல்ட்டைத் தொட்டதுமே சரளைக் கல்லை இரும்புத் தட்டில் உருட்டுவது போன்ற கரகரப்பு காதுக்குள் பாய்ந்தது. எஞ்சின் வேகத்தைச் சற்றே கூட்டியபோது அதுவும் கூடவே விரைந்தது. சிறிது தள்ளி பிராக்கெட்டில் வைத்தாலோ ஓசை வெகுவாகக் குறைந்தது.

பிறகு எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுழற்றியதில் ஐயம் தீர்ந்தது. நல்ல ஐட்லர், உள்ளிருக்கும் கிரீஸின் பிடிப்பால் விரைவில் ஓசையின்றி நின்றுவிடும்; இதுவோ உலர்ந்த ஓசையோடு நெடுநேரம் சுழன்றது. பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தை நெம்பிப் பார்த்தால், கிரீஸ் நீர் கலந்து பழுப்பாகி, பந்துகள் ஓடும் தடத்தில் துருப்புள்ளிகள் இருந்தன. சூடான பேரிங் திடீரென்று நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீலின் விளிம்பு வழியே நீரையும் வண்டலையும் இழுத்துக்கொள்கிறது. ஓடையில் இறங்குமுன் எஞ்சினைச் சற்று ஆறவிடுபவர்களுக்கு இந்தச் செலவு தள்ளிப்போகும்.

பேரிங்கின் எண் 6203. அதாவது உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். மிகப் பரவலான அளவு என்பதால் இதற்காகச் சென்னைப் புதுப்பேட்டை வரை அலைய வேண்டியதில்லை, உள்ளூர் பேரிங் கடையிலேயே கிடைக்கும். ஆனால் இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையையே கேட்டு வாங்க வேண்டும். தகடு மூடிய இசட்இசட் வகை சேற்றுத் தண்ணீரைத் தாங்காது. பேரிங்கைப் புல்லிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் புதிய பேரிங்கும் தொடக்கத்திலேயே கெட்டுவிடும். பேரிங்கைச் சுற்றி வார்த்த பிளாஸ்டிக் புல்லியாக இருந்தால் முழுதாக மாற்றுவதே முறை.

கருவியில் குறைகளும் உண்டு. காதில் செருகும் முனைகள் கடினமாக இருப்பதால் விரைவில் வலிக்கிறது. கம்பியும் குட்டை, ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகில் கை செல்ல வேண்டியிருக்கிறது. தொளதொளத்த சட்டைக் கையோ கழுத்துத் துண்டோ அணிந்து இந்த வேலையில் இறங்கவே கூடாது. கம்பி நுனி சுழலும் பாகத்தில் பட்டால் கருவி கையிலிருந்து பிடுங்கப்படும். நீண்ட ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதில் முகமே பெல்ட்டருகே போய்விடுகிறது.

புல்லிகள் கோணலாக இருப்பதையும், டென்ஷனர் கரம் துள்ளுவதையும் இது காட்டித் தராது. அவற்றுக்கு நேர்விளிம்புச் சட்டமும் கூர்ந்த கண்ணும் வேண்டும். வாங்கும்போது, ஓசையைக் காதுக்கு அனுப்பும் அதிர்வுத் தகட்டோடு கம்பி இணையும் திருகு ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது தளர்ந்திருந்தால் அதன் சொந்தக் கிணுகிணுப்பே பேரிங் சத்தம்போல் கேட்கும்.