பொறுப்பாளர் இல்லாத டிக்கெட், பேருக்கு மட்டும் பொறுப்பாளர் உள்ள டிக்கெட்

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் புகார்களுக்கென்று ஒரு ரெயில்ஸ் (ரூபி மொழியில் வலை அப்ளிகேஷன் எழுத உதவும் கட்டமைப்பு) அப்ளிகேஷன் இருந்தது. புகார் வந்ததும் டிக்கெட் உருவாகும். யார் கவனிப்பது என்பது பிறகுதான் முடிவாகும். அதனால் பொறுப்பாளர் கட்டாயமில்லை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் மூன்றாவது தடவையாகப் போன் செய்து, "என் புகாரை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். தேடினோம். ஒதுக்கப்படாத டிக்கெட்டுகளின் பட்டியலில் அது இல்லை. எந்த ஊழியரின் பட்டியலிலும் இல்லை. டேபிளைத் திறந்து பார்த்தால் டிக்கெட் பத்திரமாக இருக்கிறது, பொறுப்பாளர் ஐடி 47 என்று. யூசர் டேபிளில் 47 கிடையாது. வேலையை விட்டுப் போனவரின் வரிசையை யாரோ அழித்துவிட்டிருந்தார்கள்.

கட்டாயமில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்கலாம், அவ்வளவுதான். இல்லாத ஆளை அது காட்டக் கூடாது. இந்த இரண்டையும் எந்த வழி சரியாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, மாடலில் (டேபிளைக் கையாளும் கிளாஸில்) 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று எழுதிவிட்டு நகர்வது. 2016-இல் வந்த ரெயில்ஸ் 5, புதிய அப்ளிகேஷன்களில் 'பிலாங்ஸ் டூ' உறவுகளை (ஒரு டேபிளின் வரிசை இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டுவதை) இயல்பாகவே கட்டாயமாக்கியது. பழைய அப்ளிகேஷனில் அந்த இயல்பை இயக்கும்போது டெஸ்ட்டுகள் விழும். டெஸ்ட்டுகள் தேறிப் பச்சை வர வேண்டுமே என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் ஆப்ஷனல் போட்டுவிடுவது எளிது. ஆனால் அது தாய் வரிசை, அதாவது ஐடி சுட்டும் வரிசை, இருக்கிறதா என்ற சோதனையையே எடுத்துவிடுகிறது. காலியும் சேமிக்கப்படும், 47-உம் சேமிக்கப்படும், 99999-உம் சேமிக்கப்படும்.

இரண்டாவது, ஐடி ஒரு பட்டியலுக்குள் இருக்கிறதா என்று 'இன்குளூஷன்' வேலிடேஷனில் (சேமிக்கும் முன் நடக்கும் சோதனையில்) யூசர் ஐடிகளைக் கொடுப்பது. பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். லாம்டா (தேவைப்படும்போதெல்லாம் புதிதாக ஓடும் சிறு ஃபங்ஷன்) இல்லாமல் எழுதினால் அந்தப் பட்டியல் கிளாஸ் லோடு ஆகும்போது ஒரே ஒரு தடவை எடுக்கப்படும். இன்று சேர்ந்த ஊழியரின் பெயரில் டிக்கெட்டை ஒதுக்க முடியாது, சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்வரை. லாம்டா போட்டால் ஒவ்வொரு தடவையும் எல்லா ஐடியையும் அள்ளிக்கொண்டு வரும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழியை நான் தினமும் பயன்படுத்துகிறேன்: ஆப்ஷனல் இருக்கட்டும், கூடவே, ஐடி நிரப்பப்பட்டிருந்தால் மட்டும் பொறுப்பாளர் என்ற ஆப்ஜெக்ட்டுக்கு 'பிரசன்ஸ்' (இருக்கிறதா என்ற) சோதனை. சோதனை ஐடியின்மேல் இல்லை, உறவின்மேல் என்பதைக் கவனியுங்கள். ஐடியைச் சோதித்தால் 47 என்ற எண் இருக்கிறது என்று திருப்தியடைந்துவிடும். உறவைச் சோதித்தால் ரெயில்ஸ் டேபிளில் போய்த் தேடும், ஆள் இல்லையென்றால் நிறுத்தும். பிழைச் செய்தியை மட்டும் நீங்களே எழுதுங்கள். தானாக வருவது 'காலியாக இருக்கக் கூடாது' என்ற பொருளில் இருக்கும். காலியாக விட அனுமதித்த இடத்தில் அதைப் படிப்பவர் குழம்பிப்போவார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே 47-ஐச் சுமக்கும் டிக்கெட்டை ஒருவர் மூடப் போகிறார். பொறுப்பாளரை அவர் தொடவே இல்லை, ஆனாலும் வேலிடேஷன் தடுக்கும். அதனால் ஐடி மாறியிருந்தால் மட்டும் சோதி என்று நிபந்தனையை இறுக்குவது நல்லது; சேமிக்கும்போதெல்லாம் ஓடும் ஒரு குவெரியும் மிச்சம். கட்டாய உறவுகளுக்கு இதே மாற்றத்தை 2023-இல் ரெயில்ஸ் 7.1 கொண்டுவந்தது.

ஆனால் எங்கள் டிக்கெட்டை இந்த வழியும் காப்பாற்றியிருக்காது. ஒதுக்கிய அன்று 47 உயிரோடுதான் இருந்தது, அழிந்தது பிறகு. வேலிடேஷன் சேமிக்கும் நொடியை மட்டுமே பார்க்கும். பல வரிசைகளை ஒரேயடியாக மாற்றும் 'அப்டேட் ஆல்' அதைக் கேட்பதே இல்லை, கன்சோலில் நேராக எழுதும் எஸ்க்யூஎல்லும் அப்படித்தான். சோதித்த பின், எழுதும் முன் உள்ள இடைவெளியில் இன்னொரு ரிக்வெஸ்ட் ஆளை அழித்துவிடவும் முடியும்.

அங்கேதான் ஃபாரின் கீ: ஐடி இன்னொரு டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்று டேட்டாபேஸே போடும் கட்டுப்பாடு. நல் (காலி) மதிப்பை அது சோதிக்காமல் விட்டுவிடும், ஆளில்லாத எந்த எண்ணையும் விடாது. நமக்கு வேண்டியதும் அதுதான். கூடவே 'ஆன் டெலீட்: நலிஃபை' கொடுத்தால், ஊழியரை அழிக்கும்போது அவருடைய டிக்கெட்டுகள் தாமாகவே ஒதுக்கப்படாத பட்டியலுக்குத் திரும்பும். குறையும் உண்டு: தவறான எண் வந்தால் எக்ஸெப்ஷன்தான் எழும், பயனருக்கு 500 என்ற சர்வர் பிழைப் பக்கம்தான் தெரியும். பல டேபிள்களில் எதையும் சுட்டக்கூடிய பாலிமார்ஃபிக் உறவுக்கு இதைப் போடவே முடியாது.

பைத்தான் மொழியின் கட்டமைப்பான ஜாங்கோவில் இது இன்னும் நேர்த்தி. ஃபாரின் கீ இயல்பாகவே டேட்டாபேஸில் உருவாகிவிடும். தாய் வரிசை அழிந்தால் என்ன செய்வது என்பதை 2.0 பதிப்பிலிருந்து எழுதியே ஆக வேண்டும். ரெயில்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஃபாரின் கீயைத்தான் சொல்வேன். நேரம் இருந்தால் மூன்றாவது வழியும் சேரட்டும், பயனருக்குப் புரியும் செய்தி கிடைக்கும். ஃபாரின் கீயைச் சேர்க்கும் மைக்ரேஷனுக்கு (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டுக்கு) முன் ஆளில்லாத ஐடிகளை நல் ஆக்குங்கள். டேபிள் பெரிதாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'வேலிடேட்: ஃபால்ஸ்' என்று முதலில் சேர்த்துவிட்டு, பழைய வரிசைகளை அப்புறம் சரிபார்க்கலாம்.

நாங்கள் அப்படித் துடைத்தபோது அந்த டிக்கெட் ஒதுக்கப்படாத பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. அதற்குக் கீழே, யாரும் போன் செய்து கேட்காத இன்னும் சில டிக்கெட்டுகள் இருந்தன.