சுண்டெலிகளைக் கையாளும் குழாய்: ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்புரை

ஆய்வகச் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதே காலங்காலமாகப் பழகிய முறை. அதற்கு மாற்றாக வந்திருப்பது, ஏறத்தாழ 5 செ.மீ. விட்டமுள்ள, இருபுறமும் திறந்த, கண்ணாடி போன்ற இந்தப் பிளாஸ்டிக் குழாய். வாலைப் பிடிப்பது எலிகளைப் பதற்றத்துக்கு உள்ளாக்குகிறது என்பதையும், குழாயிலோ குவித்த உள்ளங்கைகளிலோ ஏந்தினால் அது வெகுவாகக் குறைகிறது என்பதையும், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் சக ஆய்வாளருடன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கூண்டின் ஓரமாகக் குழாயை வைத்து, மறுகையால் எலியை மெல்ல அதன் பக்கம் ஒதுக்கினால், அது தானாகவே உள்ளே நுழைந்துவிடுகிறது. முனைகளைக் கையால் லேசாக மறைத்துத் தூக்கும்போது, அடிவயிற்றில் புண்ணோ வீக்கமோ இருந்தால் குழாய் வழியே பார்த்துவிடலாம். பழகிய எலி, குழாயைக் கண்டதும் முகர்ந்தபடி முன்வருவதைப் பார்த்த பிறகு வாலைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பதற்றம் குறைந்த விலங்கு சோதனையில் இயல்பாக நடந்துகொள்வதால் தரவின் நம்பகத்தன்மையும் கூடுகிறது.

அக்ரிலிக் குழாய் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வெப்பத்தைத் தாங்காது. பாலிகார்பனேட்டில் செய்ததையே வாங்குங்கள். அறைக்கு ஒன்று போதும் என்று சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் ஒரு கூண்டின் வாசனை மற்றொன்றுக்குப் போய்விடும். ஊசி போடுவதற்குப் பிடரியைப் பிடித்தே ஆகவேண்டும் என்றாலும், அதனால் குழாயின் பலன் வீணாவதில்லை எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன.